சொந்த வண்டியில் ஓடிய வெண்டல் ஸ்காட்



சிங்கப்பூரில் தேக்காவுக்குப் போய் வந்தவர்களுக்கு ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் புதிதன்று. சிராங்கூன் சாலைக்குப் பக்கத்திலேயே செல்லும் சாலை அது. வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் பெயர் போனது. ஆனால் அந்தப் பெயரில் உள்ள 'ரேஸ்' மிகப் பழையது. 1842ஆம் ஆண்டில் அங்கே குதிரைப் பந்தயத் திடல் அமைந்தது. பிற்காலத்தில் ஃபேரர் பார்க் என்று அழைக்கப்பட்ட இடம் அதுதான். 1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்கு மாறும் வரை, தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த வட்டாரத்தில் குதிரைகள் ஓடின. குதிரைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டித் தீனி வைத்த குதிரைக்காரர்களில் நம்மவரும் இருந்தார்கள். பாவியன் தீவிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். குதிரைகளுக்குச் சொந்தக்காரர்களோ பெரும்பாலும் துரைமார்களும் பெருஞ்செல்வர்களுமே.

பந்தயம் என்றால் ஓட்டுபவரைத்தான் எல்லாரும் பார்க்கிறோம். கைதட்டலும் மாலையும் அவருக்கே. அந்தக் குதிரை அல்லது வண்டி யாருடையது, அதற்குத் தீனியோ டயரோ வாங்கிப் போட்டவர் யார் என்று கேட்பவர் சிலரே. இன்றைய பேச்சு அந்த உடைமையாளரைப் பற்றியது. ஓட்டுநராகவும், உடைமையாளராகவும், பழுது பார்ப்பவராகவும் தாம் ஒருவரே நின்று பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் போராடிய ஒரு கறுப்பின மனிதரின் வரலாற்றை நாம் பார்க்கப் போகிறோம். அவர் பெயர் வெண்டல் ஸ்காட். ஊர், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள டான்வில்.

"அமெரிக்காக்காரர் ஓட்டிய காருக்கும் தோட்டத்தில் பால் மரம் சீவிய நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று நேயர்கள் கேட்கலாம். சம்பந்தம் டயரில் இருக்கிறது. 1877இல் ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. நம் முன்னோர் பூமலை என்று அழைத்த தாவரத் தோட்டத்தில் அவை வளர்ந்தன. 1888இல் அத்தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். அதே 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் காற்றடைத்த டயரைச் செய்தார். பின்னர் அமெரிக்காவில் மோட்டார் வண்டிகள் பெருகின. டயருக்கு ரப்பர் வேண்டும். ரப்பருக்குத் தோட்டம் வேண்டும். தோட்டத்துக்கு ஆள் வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து நம் பாட்டன் பாட்டிமார் கப்பலேறியதற்கு அந்த டயரும் ஒரு காரணம். அவர்கள் மங்கில் பிடித்த பால், சிங்கப்பூர்த் துறைமுகம் வழியாகக் கடல் கடந்து போய், முன்பின் தெரியாத மனிதர்களின் வண்டிகளைத் தாங்கிற்று. பிற்காலத்தில் செயற்கை ரப்பரும் சேர்ந்துகொண்டது என்றாலும், இந்த உறவு அறுந்துவிடவில்லை.

இனி, அந்தப் பந்தயம் எத்தகையது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதற்கு ஸ்டாக் கார் பந்தயம் என்று பெயர். கடையில் எவரும் வாங்கக்கூடிய சாதாரணக் காரை எடுத்து, அதன் இயந்திரத்தைப் பலப்படுத்தி, வட்டமான தடத்தில் நூற்றுக்கணக்கான சுற்றுகள் ஓட்டுவார்கள். தொடக்கத்தில் பல தடங்கள் வெறும் செம்மண் தரைகளே. 1948இல் பில் ஃபிரான்ஸ் என்பவர் தலைமையில் நாஸ்கார் என்னும் அமைப்பு உருவாயிற்று. இன்றும் அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயத்தை நடத்துவது அந்த அமைப்புதான்.

வெண்டல் ஸ்காட் 1921ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள் பிறந்தார். அவருடைய தந்தை வசதி படைத்த வெள்ளையர் வீடுகளில் கார் ஓட்டியும் பழுது பார்த்தும் வந்தவர். டான்வில் ஊரில் பிழைப்பு என்றால் இரண்டுதான்: ஒன்று பஞ்சாலை, மற்றொன்று புகையிலை. ஆலைச் சங்குக்குக் கட்டுப்பட்டு மேற்பார்வையாளரின் கீழ் உழைப்பதை ஸ்காட் சிறு வயதிலிருந்தே வெறுத்தார். தன் கையால், தன் இடத்தில், தன் தொழில் செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை. டாக்சி ஓட்டினார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து ஐரோப்பாவில் மெக்கானிக்காக வேலை செய்தார். ஊர் திரும்பியதும் ஒரு பட்டறை திறந்தார்.

பட்டறை வருமானம் போதவில்லை. இரவு நேரங்களில் கள்ளச் சாராயம் ஏற்றிச் சென்றார். இது சட்டத்துக்குப் புறம்பான தொழில். 1949இல் பிடிபட்டுத் தண்டனையும் பெற்றார். ஆயினும் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். போலீஸ் வண்டியை விட வேகமாக ஓடும் காரைத் தயாரிக்க அவர் கற்றுக்கொண்டது அப்போதுதான். ஸ்டாக் கார் பந்தயத்தின் தொடக்க கால வெள்ளை வீரர்கள் பலரும் அதே பள்ளியில் படித்தவர்களே.

1952இல் டான்வில் பந்தயத் தடத்தில் கூட்டம் குறைந்தது. ஒரு கறுப்பினத்தவரை ஓடவிட்டால் வேடிக்கை பார்க்க மக்கள் வருவார்கள் என்று நடத்துநர்கள் கணக்குப் போட்டார்கள். வேகமாக ஓட்டக்கூடிய கறுப்பினத்தவர் யார் என்று போலீசாரிடமே கேட்டார்கள். போலீசார் தயங்காமல் சொன்ன பெயர் ஸ்காட். இப்படித்தான் அவர் பந்தயத்துக்குள் நுழைந்தார். அவரை வேடிக்கைப் பொருளாக அழைத்தார்கள். அவர் தொழிலாக எடுத்துக்கொண்டார்.

நாஸ்கார் பந்தயத்தில் ஓட முதன்முதலாகப் போனபோது, கறுப்பர் என்ற காரணத்தால் திருப்பி அனுப்பினார்கள். அவர் சிறிய தடங்களில் ஓடிக்கொண்டே இருந்தார். பின்னர் நாஸ்கார் உரிமம் பெற்றார். 1959இல் வர்ஜீனியா மாநிலத்தில் ஸ்போர்ட்ஸ்மன் என்னும் பிரிவின் சாம்பியன் பட்டத்தை வென்றார். 1961இல் நாஸ்காரின் உயர்ந்த பிரிவான கிராண்ட் நேஷனலில் அடியெடுத்து வைத்தார்.

நேயர்களே, அந்த 1961ஆம் ஆண்டு சிங்கப்பூரின் பந்தய வரலாற்றிலும் முக்கியமானது. அவ்வாண்டு செப்டம்பரில்தான் மேல் தாம்சன் சாலையை அடைத்து முதல் சிங்கப்பூர் கிராண்ட் பிரீ நடந்தது. ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் நீளமுள்ள சுற்று. வளைவுகளும் மரங்களும் மழைக் கால்வாய்களும் நிறைந்த ஆபத்தான பாதை. இங்கும் ஓட்டியவர்களில் பலர் சொந்தப் பணத்தில் வண்டி வாங்கியவர்கள். 1966இல் லீ ஹான் செங், 1967இல் ராட்னி சியாவ் என்று உள்ளூர் வீரர்கள் வென்றார்கள். 1973இல், உயிர்ச்சேதமும் போக்குவரத்து இடைஞ்சலும் கருதி, அரசாங்கம் அந்தப் பந்தயத்தை நிறுத்திவிட்டது. ஸ்காட்டின் பெரிய பந்தய வாழ்வும் 1961இல் தொடங்கி 1973இல் முடிந்தது. ஒரே காலம், இரு வேறு கரைகள்.

வாரந்தோறும் பந்தயம் ஓடும் உடைமையாளருக்கு என்னென்ன செலவு? கார், உதிரி இயந்திரம், எண்ணெய், டயர், காரை ஏற்றிச் செல்லும் லாரி, நுழைவுக் கட்டணம், வழிச் சாப்பாடு, உதவியாட்களின் கூலி. பெரிய அணிகளுக்கு ஃபோர்டு, கிரைஸ்லர் போன்ற கம்பெனிகள் கை கொடுத்தன. ஸ்காட்டுக்கு அப்படி முழு ஆதரவு தர எவரும் முன்வரவில்லை. அவர் பிறர் ஓட்டிய பழைய கார்களை வாங்கினார். பிறர் கழித்துப் போட்ட டயர்களையும் உதிரிப் பாகங்களையும் சேர்த்தார். நெட் ஜாரெட் போன்ற சில வெள்ளை வீரர்கள் அவரிடம் நட்புப் பாராட்டியதையும் மறைக்கக் கூடாது. ஜாரெட்டிடமிருந்து வாங்கிய பழைய செவர்லே கார்தான் பின்னர் அவருக்கு வெற்றி தந்தது. மனைவி மேரி குடும்பத்தைத் தாங்கினார். பிள்ளைகள் ஏழு பேர். மகன்களே டயர் மாற்றும் ஆட்கள்.

வழியில் பல உணவுக்கடைகளும் விடுதிகளும் கறுப்பர்களைச் சேர்ப்பதில்லை. ஆகவே சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு, லாரியிலேயே படுத்துறங்கிப் போவார்கள். தடத்தில் ஏளனக் கூச்சல் எழும். வேண்டுமென்றே வந்து இடிப்பவர்களும் உண்டு. இடித்தவனைத் திருப்பி இடிக்கலாம். ஆனால் ஸ்காட் உடைமையாளரும் அல்லவா? வண்டி நொறுங்கினால் அடுத்த வாரம் பந்தயம் இல்லை; பந்தயம் இல்லையென்றால் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் அவர் பொறுத்துப் போனார். முதலாளியின் வண்டியை ஓட்டுபவர் துணிந்து பாயலாம். சொந்த வண்டியை ஓட்டுபவர் ஒவ்வொரு திருப்பத்திலும் செலவையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இப்பொழுது 1963ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளுக்கு வருவோம். அவ்வாண்டு செப்டம்பரில்தான் சிங்கப்பூர் மலேசியாவுடன் இணைந்திருந்தது. அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்தது. ஸ்காட்டின் டான்வில் ஊரிலேயே அந்தக் கோடையில் ஊர்வலம் போனவர்களைப் போலீசார் தடியால் அடித்திருந்தார்கள்.

ஃபுளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரில், அரை மைல் செம்மண் தடம். 200 சுற்றுகள், மொத்தம் 100 மைல். பெரும் பெயர் பெற்ற ரிச்சர்ட் பெட்டி முன்னணியில் இருந்தார். அவருடைய வண்டியில் கோளாறு ஏற்பட, இருபத்தைந்து சுற்றுகள் மீதமிருக்கையில் ஸ்காட் அவரைத் தாண்டினார். அதன் பிறகு அவரை எவராலும் பிடிக்க முடியவில்லை. 200 சுற்றுகளை முடித்துக் கோட்டைக் கடந்தார். வெற்றிக்குரிய கட்டம் போட்ட கொடி அசையவில்லை! மறுபடியும் ஒரு சுற்று வந்தார். அப்போதும் கொடி இல்லை. அவருக்குப் பின்னால் இரண்டு சுற்றுகள் குறைவாக வந்த பக் பேக்கர் என்பவரை வெற்றியாளர் என்று அறிவித்தார்கள். கோப்பையும் புகைப்படமும் அவருக்கே போயின.

ஸ்காட் சண்டைக்குப் போகவில்லை. கணக்கை மறுபடி பார்க்கச் சொன்னார். சில மணி நேரம் கழித்து, கூட்டமெல்லாம் கலைந்து போன பிறகு, சுற்றுகளை எண்ணியதில் பிழை நேர்ந்துவிட்டது என்று அதிகாரிகள் ஒப்புக்கொண்டார்கள். வென்றவர் ஸ்காட். பரிசுப் பணம் அவர் கைக்கு வந்தது. கோப்பை வரவில்லை. வெற்றி மேடையில் பரிசளிக்க நின்ற வெள்ளைக்கார அழகுப் பெண் அருகே ஒரு கறுப்பர் நிற்பதைக் கூட்டத்தார் பார்க்கக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள் என்று ஸ்காட் நம்பினார்.

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் எழுந்து, பெரட்டுக்கு நின்று, மரம் சீவி, வாளி சுமந்து வந்து கொட்டகையில் நிற்கும்போது, தராசு கிராணியின் கையில் இருக்கும். உழைப்பு நம்முடையது, கணக்குப் புத்தகம் அவருடையது. கணக்கு நேர்மையாக இருந்தால் கவலையில்லை. தவறினால், "மறுபடி நிறுங்கள்" என்று கேட்க நெஞ்சுரம் வேண்டும். கேட்டபின் ஒப்புக்கொள்ள அங்கே ஒரு மனச்சாட்சியும் வேண்டும். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது பழமொழி. ஸ்காட்டின் சொல் அம்பலம் ஏறியது. ஆனால் அம்பலம் காலியான பிறகு ஏறியது.

அவர் அத்துடன் ஒதுங்கிவிடவில்லை. 1966இல் ஆண்டு முழுவதற்குமான புள்ளிப் பட்டியலில் ஆறாம் இடம் பெற்றார். 1966 முதல் 1969 வரை நான்கு ஆண்டுகளும் முதல் பத்துப் பேரில் ஒருவராக நின்றார். மொத்தம் 495 பந்தயங்கள். அவற்றில் 147 தடவை முதல் பத்து இடங்களுக்குள் முடித்தார். அதாவது, பழைய வண்டியும் பழைய டயருமாகப் பத்துக்கு ஏறக்குறைய மூன்று முறை. வெற்றி மட்டும் அந்த ஒன்றுதான்.

1973 மே மாதம் அலபாமா மாநிலத்தின் டாலடேகா தடத்தில் பெரிய விபத்து. இருபது வண்டிகளுக்குக் குறையாமல் ஒன்றோடொன்று மோதின. ஸ்காட்டின் விலா எலும்புகளும் இடுப்பெலும்பும் முறிந்தன. எலும்பு கூடிவிடும். ஆனால் கடன்பட்டு வாங்கிய மெர்க்குரி கார் நொறுங்கிவிட்டதே, அது எப்படிக் கூடும்? அவ்வாண்டு இன்னும் ஒரு முறை பிறர் வண்டியில் ஓடிவிட்டு, டான்வில் பட்டறைக்கே திரும்பினார். 1977இல் அவர் வாழ்க்கையைத் தழுவி 'கிரீஸ்டு லைட்னிங்' என்ற திரைப்படம் வந்தது. ரிச்சர்ட் பிரையர் அவராக நடித்தார். 1990 டிசம்பர் 23ஆம் நாள், முதுகுத்தண்டுப் புற்றுநோயால் ஸ்காட் காலமானார்.

காலம் மெல்ல அசைந்தது. 2015இல் நாஸ்காரின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அங்கே இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. 2021 ஆகஸ்ட் 28ஆம் நாள், அவருடைய நூறாவது பிறந்த நாளுக்கு முந்தின நாள், ஜாக்சன்வில் வெற்றிக்கான கோப்பையை நாஸ்கார் அவர் குடும்பத்தாரிடம் கொடுத்தது. ஐம்பத்தேழு ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன. வாங்க வேண்டியவர் இல்லை. டயர் மாற்றிய மகனும் மற்றப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாங்கினார்கள்.

அதே ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் பப்பா வாலஸ் என்னும் கறுப்பின வீரர் உயர்ந்த பிரிவில் வென்றார். ஸ்காட்டுக்குப் பிறகு அவ்வாறு வென்ற முதல் கறுப்பினத்தவர் அவர். வென்ற இடம், ஸ்காட்டின் எலும்பு முறிந்த அதே டாலடேகா. வாலஸ் ஓட்டிய வண்டியின் உடைமையாளர்களில் ஒருவர், கூடைப்பந்து மன்னர் மைக்கேல் ஜார்டன். 2020இல் அவர் அந்த அணியைத் தொடங்கினார். பிராட் டாஹர்ட்டி என்ற மற்றொரு முன்னாள் கூடைப்பந்து வீரர் பங்குதாரராக இருந்த அணி, 2023இல் டேட்டோனா 500 என்னும் பெரும் பந்தயத்தை வென்றது.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். ஜார்டனும் டாஹர்ட்டியும் வேறு துறையில் பெரும் பொருள் ஈட்டிய பிறகு, கூட்டாளிகளோடு சேர்ந்து உடைமையாளர்கள் ஆனவர்கள். அப்படியிருந்தும் பந்தய வருமானத்தில் தங்களுக்குரிய பங்கும் உரிமையும் நியாயமாக இல்லை என்று ஜார்டனின் அணி 2024இல் நாஸ்கார் மீது வழக்குத் தொடர்ந்தது. 2025 டிசம்பரில் அது சமரசமாக முடிந்தது. பெரும் செல்வருக்கே இத்தனை பாடு என்றால், பட்டறைக்காரர் ஸ்காட் எதை நம்பித் தனியாக நின்றார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நம்மவர் ஒருவரும் இந்தக் கதையின் ஓரத்தில் வருகிறார். கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர். 2012இல் சிங்கப்பூர் மரீனா பே இரவுப் பந்தயத்திலும் அவர் ஓடினார். பலருக்குத் தெரியாத செய்தி வேறு. 2010 மார்ச்சில் அவர் நாஸ்காரின் டிரக் பிரிவில் இறங்கி, பதின்மூன்றாம் இடத்தில் முடித்தார். அவ்வாண்டு அப்பிரிவில் மக்கள் மனங்கவர்ந்த ஓட்டுநர் என்ற பட்டமும் அவருக்கே கிடைத்தது. அவர் முதலில் ஓடிய தடம் வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில். ஸ்காட்டின் டான்வில் ஊரிலிருந்து அது ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தூரந்தான். ஸ்காட் திறந்த கதவு வழியாகக் கடல் கடந்த தமிழர் ஒருவரும் நுழைந்தார் எனலாம்.

உடைமை என்பது பெருமை மட்டுமன்று. அது ஒரு சுமை. அந்தச் சுமையை ஒருவரே சுமந்தால் ஒரு விபத்தில் எல்லாம் போய்விடும். மலாயாவில் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் குடும்பங்கள் தெருவில் நிற்கும் நிலை வந்தபோது, 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதந்தோறும் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தால், மரம் சீவியவர்களே தோட்டத்தில் பங்குக்காரர்கள் ஆனார்கள். ஸ்காட் நாஸ்காரின் உயர்ந்த பிரிவில் இறங்கிய காலமும் ஏறக்குறைய அதுதான். அவருக்கு அப்படியொரு சங்கம் இல்லை. ஒரு மனைவியும் ஏழு பிள்ளைகளும் ஒரு பட்டறையுமே இருந்தன.

வெண்டல் ஸ்காட்டின் கையில் திறமை இருந்தது. வீட்டில் உழைப்பு இருந்தது. அவருக்குக் கிடைக்காமல் போனவை இரண்டு: நல்ல டயர், நேர்மையான கணக்கு. முதலாவது பணத்தால் வருவது. இரண்டாவதற்குப் பணம் தேவையில்லை. எண்ணுகிறவர் எவரோ, அவர் ஒழுங்காக எண்ணினால் போதும். நம் பிள்ளைகளில் சிலர் நாளை வண்டி ஓட்டலாம், சிலர் உடைமையாளர் ஆகலாம், சிலர் கணக்குப் புத்தகத்தோடு தராசின் அருகே உட்காரலாம். அந்த மூன்றாமவருக்கு இந்தக் கதையைக் கட்டாயம் சொல்லிவையுங்கள்.